பத்தாவது ஆள்

ரோண்டா ஸ்டப்ஸுக்கு அன்று அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய எந்த அவசியமும் இல்லை. வீட்டை விற்றாகிவிட்டது. பள்ளிக்கூடச் சமையலறை வேலையை ஜூன் தொடக்கத்திலேயே விட்டாகிவிட்டது. துல்சாவில் அவள் அக்கா நெட்டி பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, புதுத் திரை மாட்டி, "எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்க" என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மூட்டைமுடிச்சுகள் பாதி கட்டிய நிலையில் ஹாலில் கிடந்தன. அவள் கணவன் டெல்மர்தான், "கடைசியா ஒண்ணே ஒண்ணு ஆடிட்டு வந்துடறேன்" என்று கேட்டான்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் டெல்மர் துல்சாவில் டயர் கடை வைத்திருந்தான். வார இறுதியில் சீட்டு ஆடுவான், நன்றாகவே ஆடுவான். ஒரு வசந்தத்தில் சூதாட்ட ஊரான வேகஸுக்கு வந்து ஒரு போட்டியில் மூன்றாவதாக வந்தான். அதுதான் வினையாகப் போயிற்று. கடையைக் கொடுத்துவிட்டு, ரோண்டாவையும் அழைத்துக்கொண்டு பக்கத்து ஹெண்டர்சனில் வந்து குடியேறினான். அந்த மூன்றாமிடத்துக்குப் பிறகு அவன் கோடைக்காலத்துப் பெரிய போட்டியில் உட்கார்ந்ததே இரண்டு தடவைதான். அந்த இரண்டு தடவையும் முதல் நாளே வெளியே வந்துவிட்டான். மற்ற வருஷமெல்லாம் உள்ளூர்ச் சீட்டாட்டக் கூடங்களில் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வீட்டு அடுப்பு எரிந்தது ரோண்டா பள்ளிக்கூடத்தில் கிளறிய மக்காச்சோளக் கஞ்சியாலும் வறுத்த உருளைக்கிழங்காலும்தான்.

ஆனாலும் டெல்மர் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். தோற்றுவிட்டு வந்தாலும் பாத்திரம் கழுவிவைப்பான். அதனால்தான் அவளால் அவனை வெறுக்க முடியாமல் போயிற்று.

இந்தக் கடைசி ஆட்டம் இடம்பிடிக்கிற ஆட்டம். இதில் ஜெயித்தால் கையில் பணம் தரமாட்டார்கள். பெரிய போட்டியில் உட்கார ஓர் இடம் தருவார்கள். மொத்தம் ஒன்பது இடம். முதலாவதாக வந்தாலும் அதே இடம்தான், ஒன்பதாவதாகத் தட்டுத்தடுமாறி வந்தாலும் அதே இடம்தான். பத்தாவதாக வருகிறவனுக்கு ஒன்றுமே கிடையாது. செவ்வாய்க்கிழமைப் பெண்கள் ஆட்டத்தில் குருட்டாம்போக்கில் ஜெயித்து ரோண்டாவுக்கும் ஒரு நுழைவுச் சீட்டு கிடைத்திருந்தது. கடைசி நாள் அவன் கூடவே ஒரே கூடத்தில் இருக்கலாமே என்று அவளும் கிளம்பினாள்.

வண்டியில் போகும்போது டெல்மர் உற்சாகமாக இருந்தான்.

"எதிரும் புதிருமா வந்தோம்னு வை, உன்னை விடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றான்.

"பெரிய வீரன்! நான் உன்னை விட்டுருவேனாக்கும்?"

"விடாதே. அதான் சொல்றேன். பொண்டாட்டி பாத்து விட்டுக்கொடுத்தான்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. இந்த ஊர்ல எங்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆட்டத்தில் அவ்வளவு தூரம் தான் தாக்குப்பிடிக்கமாட்டோம் என்று நினைத்திருந்தாள்.

காலையில் நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பாதிப் பேர் காணோம். மூன்று மணிக்குப் பத்துப் பேர் ஒரே மேசையில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பத்தில் டெல்மரும் இருந்தான், அவனுக்கு இடப்பக்கத்து நாற்காலியில் ரோண்டாவும் இருந்தாள். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே குளிர்பதனத்தில் அவளுக்கு முழங்கை சில்லிட்டது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒரே ஓர் ஆள் போக வேண்டும். ஒருவன் போய்விட்டால் மிச்சம் ஒன்பது பேருக்கும் இடம் உறுதி. அதனால் யாரும் ஆடவில்லை. சீட்டு வந்ததும் எட்டிப் பார்ப்பதும் ஆடாமல் விலகிக் கவிழ்ப்பதுமாக இருந்தார்கள். ஒருவர் இன்னொருவரின் சாவுக்குக் காத்திருக்கிற ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது.

மேசையில் பந்தயச் சில்லு மிகக் குறைவாக வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆஸி, லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் டெல்மர். மிக அதிகமாக வைத்திருந்தவன் பிரைஸ் என்ற இளைஞன். சாக்ரமெண்டோக்காரன், வாய் ஓயாதவன். ரோண்டாவிடம் நடுத்தரமாக ஒரு குவியல் இருந்தது. பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே அவளுக்கு இடம் வந்துவிடும்.

"டெல்மர் சார், நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பீங்க?" என்று பிரைஸ் ஆரம்பித்தான். "இந்த மாதிரி நேரத்துல ரெண்டு ஆஸ் வந்தாலும் கவுத்துடணும்னு. போன வருஷம் ஒருத்தன் கேக்காம ஆடித் தோத்தப்ப, அரைமணி நேரம் அவனை உக்கார வெச்சு அறுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"கேட்டிருந்தா உருப்பட்டிருப்பான்" என்றான் டெல்மர்.

"அப்ப இன்னிக்கு நீங்க ஆஸைக் கவுக்கறதை நாங்க பாக்கணும்."

"வந்தா காட்டறேன். இன்னிக்குப் பூரா வந்ததெல்லாம் ரெண்டும் மூணுமாத்தான் இருக்கு."

மேசை சிரித்தது. சீட்டுப் போடுகிற மரிசெல் சிரிக்கவில்லை. அவள் பிலிப்பைன்ஸ்காரி, பத்து வருஷமாக டெல்மரையும் ரோண்டாவையும் தெரிந்தவள். அவள் கை மட்டும் சீட்டை வழுக்கிவிட்டுக்கொண்டே இருந்தது.

சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயம் இரண்டு உண்டு, சின்ன பிளைண்டு, பெரிய பிளைண்டு. முறைவைத்துச் சுற்றி வரும். அந்தக் கை, சின்ன பிளைண்டு டெல்மருடையது. பெரிய பிளைண்டு ரோண்டாவுடையது. மற்ற எட்டுப் பேரும் வரிசையாகக் கவிழ்த்தார்கள். முறை டெல்மரிடம் வந்தது.

அவன் தன் சீட்டைப் பார்த்தான். மறுபடியும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தான். பிறகு முன்னால் இருந்த எல்லாச் சில்லுகளையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான்.

"மொத்தமும்" என்றாள் மரிசெல்.

ரோண்டா அதுவரை தன் சீட்டைப் பார்க்கவே இல்லை. இப்போது ஓரத்தைத் தூக்கினாள். ஆர்ட்டின் ராஜா. அதன் பின்னால் இஸ்பேட் ராஜா.

இரண்டு ராஜாக்களைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை குறைவான சில்லைத் தள்ளியிருக்கிற ஒருவனைச் சரிக்குச் சரி சில்லு வைத்துப் பார்க்காமல் விடுகிறவர்கள் உலகத்திலேயே கிடையாது. தோற்றாலும் அவள் குவியல் கரைந்துவிடாது. ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது, அவளுக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் இடம். பத்தாவது ஆளாக எழுந்து போகப்போகிறவன் டெல்மர். ஆஸ் ஜோடி ஒன்றைத் தவிர, அவனிடம் எது இருந்தாலும் ஐந்துக்கு மூன்று நான்கு தடவை அவன்தான் சாவான்.

அவள் கையாலேயே.

கவிழ்த்துவிட்டால்? கவிழ்த்த சீட்டு முகம் தெரியாமல் மரிசெல்லிடம் போய்விடும். குப்பையோடு குப்பையாகக் கலந்துவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். சம்பந்தம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது இந்த ஊரில் திருட்டு. டெல்மரே அப்படித்தான் சொல்வான்.

"மேடம், அவர் வெச்சிருக்கறதே பொடிக்கணக்கு" என்றான் பிரைஸ். "என்ன குப்பை இருந்தாலும் நீங்க பாக்கலாம். நம்ம ஒம்பது பேரும் வீட்டுக்குப் போலாம்."

"ஆட்டம் நடக்கறப்ப பேசக் கூடாது" என்றாள் மரிசெல்.

ரோண்டா நிமிர்ந்து கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவன் கைகளை மட்டும் பார்த்தாள். டயர் கழற்றிக் கழற்றிக் காய்த்த கைகள், இத்தனை வருஷத்தில் மெத்தென்று ஆகிவிட்ட கைகள். துல்சாவில் மறுபடியும் அவன் யாரிடமாவது போய் டயர் மாற்றும் வேலைக்கு நிற்க வேண்டும். அறுபத்தியொரு வயதில். "கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்று அவன் கேட்டபோது அவன் குரல் இருந்த இருப்பு அவளுக்கு நினைவு வந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. சீட்டைக் கவிழ்த்தபடியே முன்னால் தள்ளினாள்.

தள்ளிய பிறகுதான், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. குப்பைச் சீட்டைக் கவிழ்க்க யாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

டெல்மர் சில்லுகளை இழுத்துக்கொள்ளாமல் அவளையே பார்த்தான். மரிசெல்தான் அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"ஆகா!" என்று பிரைஸ் கைதட்டினான். "குடும்பம்னா இப்படித்தாங்க இருக்கணும். சாயங்காலம் வீட்ல என்ன ஸ்பெஷல், டெல்மர் சார்?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் சில்லுகளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கூடத்து மேற்பார்வையாளர் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"பொதுவாத்தான் சொல்றேன். யாரும் யாருக்காகவும் மெதுவா ஆடக் கூடாது. அப்படிக் கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் எழுப்பிடுவேன்."

"எனக்கு யாரும் விட்டுக்கொடுக்கலை" என்றான் டெல்மர். அவன் காது மடல் சிவந்துவிட்டது.

"நான் உங்களைச் சொல்லலியே."

"சொல்லலைன்னா சரி."

ஆஸி குழாயைச் சரிசெய்துகொண்டு ரோண்டாவிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "கவலைப்படாதம்மா. நானா இருந்தாலும் என் கிழவிக்கு அதைத்தான் செஞ்சிருப்பேன். அவ இருந்திருந்தா." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் டெல்மர் காதில் அது விழுந்துவிட்டது.

அடுத்த கை.

இப்போது டெல்மரிடம் ஆஸியை விடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. இன்னும் இரண்டு கை தாண்டினால் பெரிய பிளைண்டு ஆஸியிடம் போய்விடும். அவரிடம் இருப்பது அதற்கே காணாது. அவர் தோற்றால் டெல்மருக்கு இடம். இரண்டு கை சும்மா இருந்தால் போதும். மேசையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். ஆஸிக்கும் தெரியும். அவர் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

பிரைஸ் தன் பெரிய குவியலை அப்படியே முன்னால் தள்ளினான். "மொத்தமும். எல்லாரும் பயந்து கெடக்கறப்ப சும்மா கெடைக்கறதை ஏன் விடணும்?" என்றான். அவனுக்குப் பின் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். முறை டெல்மரிடம் வந்தது.

டெல்மர் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஒரு தடவைதான் பார்த்தான். வைத்துவிட்டான்.

ரோண்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மோசமான சீட்டு வந்தால், இன்னொரு தடவை பார்த்தால் மாறிவிடுமோ என்பது போல அவன் மறுபடியும் பார்ப்பான். ரொம்ப நல்ல சீட்டு என்றால் ஒரு தடவையோடு சரி. அது அவளைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

கவிழ்த்துடு, என்று மனசுக்குள் சொன்னாள். நீயே சொல்லுவியே. கவிழ்த்துடு, டெல்.

"சார் கவுத்துடுவாரு" என்றான் பிரைஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "அவருக்கென்ன, வீட்லயே ஆள் இருக்கு."

டெல்மர் அவனைப் பார்க்கவில்லை. ரோண்டாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்கிறவன் பார்க்கிற மாதிரி இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"வர்றேன்" என்றான். சில்லுகள் எல்லாவற்றையும் நடுவில் வைத்தான்.

ரோண்டா தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கவிழ்த்தாள். அடுத்தவரும் கவிழ்த்தார். டெல்மர் தன் சீட்டைத் திருப்பினான். இரண்டு ஆஸ்.

மேசையில் "ஐயோ" என்று யாரோ சொன்னார்கள். பிரைஸின் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. அவன் கிளாவர் பத்தையும் கிளாவர் ஒன்பதையும் வைத்தான். "சத்தியமா நீங்க வருவீங்கன்னு நெனைக்கலை, சார்."

மரிசெல் இருவருக்கும் பொதுவான ஐந்தில் முதல் மூன்று சீட்டை விரித்தாள். ராணி, ஒன்பது, மூன்று. பிரைஸுக்கு ஒன்பதில் ஒரு ஜோடி ஆயிற்று. ஆனாலும் டெல்மர்தான் மேலே. நான்காவது சீட்டு, நாலு. ஒன்றும் மாறவில்லை. இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. டெல்மர் எழுந்து நின்றிருந்தான். மரிசெல் ஐந்தாவது சீட்டைத் திருப்பினாள். டைமண்ட் பத்து.

பிரைஸுக்கு இரண்டு ஜோடி. டெல்மருக்கு ஒன்றே ஒன்று.

பிறகு மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் வாழ்த்துச் சொன்னார். ஒன்பது பேருக்கும் இடம். நாற்காலிகள் கிறீச்சிட்டன, யார் யாரோ கட்டிக்கொண்டார்கள். ஆஸி இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்த ஆரம்பித்து, டெல்மரைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

பிரைஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். "ஏன் சார்? ரெண்டே கை. அவரு போயிருப்பாரு. நீங்கதானே சொல்லுவீங்க..."

"தெரியும், தம்பி" என்றான் டெல்மர். "எனக்குத் தெரியாதா?" அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே நடந்தான்.

ரோண்டா பெயர் எழுதிக்கொடுத்து, இடத்துக்கான சீட்டை வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் சுட்டது. குளிர்பதனம் சூட்டுக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

"ராஜாவா, ராணியா?" என்று கடைசியில் அவன்தான் கேட்டான்.

பொய் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. "ராஜா" என்றாள்.

"ரெண்டும்?"

"ரெண்டும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "எங்கிட்ட என்ன இருந்துச்சு தெரியுமா?" என்றான்.

"வேண்டாம், டெல்."

"எட்டும் மூணும். ஜாதி கூட வேற வேற. வேற எவன் பிளைண்டுல இருந்திருந்தாலும் நான் தள்ளியிருக்க மாட்டேன், ரோண்டா. நீ இருந்தே. நல்ல சீட்டு இல்லாட்டி நீ பாக்க மாட்டே, அதான் கணக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கணக்கு இல்லை. நல்ல சீட்டு வந்தாலும் நீ விட்டுருவேன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். வண்டியில வரும்போது அவ்வளவு பேசிட்டு, அதை நம்பித்தான் தள்ளினேன்."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் அந்தப் பய சிரிச்சான். அவன் சொன்னது நெசம். அதான் தாங்கலை. உடனே ரெண்டு ஆஸ் வருது. கவுத்திருந்தா இடம் எனக்குத்தான். ஆனா அது நீ போட்ட பிச்சை. ஆடி ஜெயிச்சிருந்தா என்னோடது. ஒண்ணே ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டுமேன்னு..."

"பத்தொம்பது வருஷமா நான் போட்ட சோத்தைத் தின்னப்ப இதெல்லாம் தோணலையா உனக்கு?"

சொல்லி முடித்த கையோடு அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவர்கள் குடித்தனத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது. டெல்மர் அடிபட்டவன் மாதிரி கூட ஆகவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்துவிட்ட மாதிரி, "தோணிச்சு" என்றான். "தினமும் தோணிச்சு." வண்டியைக் கிளப்பினான்.

ரோண்டாவுக்குக் கிடைத்த இடத்தைப் பெயர் மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள். அவள் போகமாட்டேன் என்றாள். டெல்மர்தான் விடவில்லை. மன்றாடினான் என்றுகூடச் சொல்லலாம். வீட்டைக் காலிசெய்து கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டதால், போல்டர் நெடுஞ்சாலையில் வாரவாடகை விடுதி ஒன்றில் அறை எடுத்தார்கள். அங்கே கட்டில் மேல் சீட்டைப் பரப்பி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். எப்போது தள்ள வேண்டும், எப்போது கவிழ்க்க வேண்டும் என்று சொல்லும்போது அவன் முகத்தில் பழைய ஒளி வரும். அவளுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அந்த ஒளிக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நெட்டி போனில் கத்தினாள். "இன்னும் என்னடி அங்க? திரையை மாட்டிவெச்சிட்டு நான் வாசலைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"ஒரு வாரம், நெட்டி."

"அவன் சொல்ல வேண்டியதை இப்ப நீ சொல்றே."

பெரிய போட்டி அன்று டெல்மர் தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றான். கண்ணுக்கெட்டிய தூரம் மேசைகள், சில்லு உரசுகிற சத்தம் பூச்சிக்காடு மாதிரி. ரோண்டா பயந்து பயந்து ஆடினாள். நல்ல சீட்டு வந்தாலும் கவிழ்த்தாள், சுமாரான சீட்டு வந்தாலும் கவிழ்த்தாள். மதியத்துக்குள் குவியல் தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. கடைசியில் இரண்டு ஏழுகளை வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தள்ளினாள். எதிராளி ராணி ஜோடியைக் காட்டினான். எழுந்தபோது அவளுக்குத் துக்கமே வரவில்லை. பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி இருந்தது.

கம்பித் தடுப்பில் டெல்மர் இல்லை.

காபிக் கடையில் தேடினாள், கழிப்பறை வாசலில் காத்திருந்தாள். கடைசியில் பக்கத்துக் கூடத்தில் கண்டுபிடித்தாள். அடுத்த வாரப் போட்டி ஒன்றுக்கான இடம்பிடிக்கிற ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம், என்று காட்டினான். அவளுடைய ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவள் சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிஷம் வெகுநேரம் நீண்டது.

அன்று அவள் அறைக்குத் திரும்பி, கட்டாமல் கிடந்த மிச்சத் துணிகளைக் கட்டினாள். டெல்மர் வந்து பார்த்துவிட்டுக் கூடவே உட்கார்ந்து கயிறு போட்டுக் கொடுத்தான்.

"வண்டியை நீ எடுத்துட்டுப் போ. எனக்கு பஸ் இருக்கு" என்றான்.

"வா, டெல். கூட வந்துடு. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"அதான் பயம். கேக்க மாட்டீங்க." கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு, "இந்தக் கோடை முடியட்டும். வர்றேன்" என்றான்.

மறுநாள் காலையில் டயரில் காற்று பார்த்து, எண்ணெய் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தான். வழியில் கிங்மன் தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு என்று சொன்னான். அவள் கிளம்பிப் போகும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ரோண்டாவுக்குத் துல்சாவில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. மறுபடியும் கஞ்சி, மறுபடியும் உருளைக்கிழங்கு. டெல்மர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். பேச்செல்லாம் சீட்டுதான். எப்படித் தோற்றான், எந்தச் சீட்டு வந்து கெடுத்தது. கோடை முடிந்தது, அவன் வரவில்லை. பனிக்காலம் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு பஸ் ஏறி வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. நெட்டி அவனைத் திட்டுவதற்கு ஆறு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அவனைப் பார்த்ததும் போய்விட்டது. தட்டு நிறையப் பன்றித் தொடைக் கறியும் சோள ரொட்டியும் வைத்தாள். சாப்பாட்டுக்குப் பின்னால் சமையலறை மேசையில் உட்கார்ந்து தீக்குச்சி வைத்துச் சீட்டு ஆடினார்கள். நெட்டிக்குச் சரியாக ஆடத் தெரியாது. ஆனால் அவளிடம் குச்சி குவிந்துகொண்டே போயிற்று. டெல்மர் ஒரு தடவை மட்டும் பார்த்து வைத்த நல்ல சீட்டுகளையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரோண்டா கவனித்தாள்.

"இவ்வளவுதானாடா நீ? இதுக்கா அந்த ஊர்ல கெடந்து சாகறே?" என்று நெட்டி குதித்தாள்.

"உன் கையில ராசி இருக்கு, நெட்டி. நீ அங்க வந்தா எங்க பொழைப்பு போயிடும்."

நான்கு நாள் இருந்தான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான். வாசல் பனியை அள்ளினான். இராத்திரிகளில் ரோண்டாவின் பக்கத்தில் அசையாமல் படுத்திருந்தான். தூங்காமல்தான் படுத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தான் தூங்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். நெட்டி, "இருந்துடேன்" என்றாள். "மார்ச்சுல ஒரு ஆட்டம் இருக்கு. அதை மட்டும் பாத்துட்டு..." என்றான். ரோண்டா எதுவும் கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு அவள்தான் கொண்டுபோய் விட்டாள். மிஞ்சிய கறியை ரொட்டிக்குள் வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவன் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் தலைக்குக் குல்லாயை இழுத்துச் சரிசெய்துவிட்டான். "குளிர்ல நிக்காதே. போ" என்றான்.

பஸ் கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்திருந்தது. அவன் எந்த இருக்கையில் உட்கார்ந்தான் என்று வெளியிலிருந்து தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா ஜன்னல்களுக்கும் பொதுவாக ஒரு தடவை கையை ஆட்டினாள். பிறகு வண்டிக்கு வந்து, கண்ணாடி மேல் உறைந்திருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினாள். இல்லத்தில் மத்தியான வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.